தம் வகுப்பைத் தாமே ஆராய்தல்: மலையக மாணவரை முன்வைத்து ஒரு விசாரணை

நுவரெலியாவிலிருந்து இராகலை நோக்கிச் செல்லும் வீதியில், கடல்மட்டத்துக்கு 6,000 அடிக்கும் மேலே, தேயிலை மலைகளுக்கும் லீக்ஸ், கரட், உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கும் நடுவே அமைந்த கந்தப்பளையில், உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளிகள் வெளியாகும் காலத்தில் ஆண்டுதோறும் ஒரு சிறு உற்சவம் நிகழ்வதுண்டு. கோட்லோஜ், கொங்கோடியா, பார்க் முதலிய தோட்டங்களின் லயங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகளுக்குப் பொன்னாடை போர்த்தப்படுகிறது. அவர்தம் படம் தாங்கிய பதாகை வீதியோரத்தில் எழுகிறது. பெற்றோர் கைகூப்பி நிற்கின்றனர். அதற்குப் பின் அந்தப் பிள்ளை விரிவுரை மண்டபத்தில் எதை விளங்கிக்கொண்டது, எங்கே தடுமாறியது, தடுமாறிய பொழுது யாரிடம் போய்க் கேட்டது என்பதை ஊரும் விசாரிப்பதில்லை, பாடசாலையும் விசாரிப்பதில்லை. விசாரிக்கும் கடமையும் வசதியும் ஒருங்கே உடையவர் ஒருவரே உளர். அவர் அப்பிள்ளைக்குப் பாடம் சொல்லும் விரிவுரையாளர். பல்கலைக்கழக ஆசிரியர் தம் கற்பித்தலையும் தம் மாணவரின் கற்றலையுமே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்வது பற்றி உலகில் இதுகாறும் நடந்தது என்ன, இந்நாட்டில் நடந்தது என்ன, மலையக மாணவர் பொருட்டு இனி நடக்க வேண்டுவது என்ன என்பனவே இங்கே நம் விசாரணைக்கு உரியவை.

இவ்விஷயத்தில் ஒரு விநோதம் உண்டு. மண்ணையும் மண்புழுவையும் கல்வெட்டையும் நாணயப் பெருக்கத்தையும் ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட ஒரு சமூகம், தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் வகுப்பறையை மாத்திரம் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்ட இடமாக நெடுங்காலம் கருதிவந்தது. கற்பித்தல் பிறவியிலே வாய்க்கும் வரம். வாய்த்தவருக்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை, வாய்க்காதவருக்கு ஆராய்ச்சியாற் பயனில்லை என்பது அச்சமூகத்தின் எழுதப்படாத சித்தாந்தம். பாடசாலை ஆசிரியருக்கு இச்சலுகை கிட்டியதில்லை. பத்தனையிலுள்ள ஸ்ரீபாத தேசியக் கல்வியியற் கல்லூரியிலே பயிலும் ஆசிரிய மாணவியிடம், எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும் நாலைந்து பிள்ளைகளை வைத்துச் செயல்நிலை ஆய்வொன்று செய்து அறிக்கை தருமாறு கேட்கிறோம். அவளுடைய ஆசான்களுக்கும் ஆசானாக விளங்கும் பேராசிரியரிடம் அதையே கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணுகிறோம்.

இச்சித்தாந்தம் அசையத் தொடங்கிய வரலாறு சுருக்கமானது. சமூக உளவியலாளர் கூர்ட் லெவின் 1946-ல் செயல்நிலை ஆய்வு என்ற முறையைப் பிரேரித்தார். இங்கிலாந்தில் லோரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975-ல் ஆசிரியரே ஆராய்ச்சியாளராக வேண்டும் என்று வற்புறுத்தினார். அமெரிக்காவில் கார்னகி மன்றத்தின் தலைவராயிருந்த ஏர்னஸ்ட் போயர் 1990-ல் வெளியிட்ட நூலொன்றில், புதியன கண்டுபிடித்தல், கண்டவற்றை இணைத்தல், அவற்றைப் பிரயோகித்தல் என்பவற்றோடு கற்பித்தலும் புலமையின் ஓர் அங்கமே என்று வாதித்த பொழுதுதான் பல்கலைக்கழகங்கள் சற்றே செவிசாய்த்தன. அவருக்குப் பின் வந்த லீ ஷுல்மன், ஆய்வுக்கூடத்திலே நடப்பது சஞ்சிகையில் வெளியாகிப் பிறரது கண்டனத்துக்கு உட்படுகையில், வகுப்பறையிலே நடப்பது கதவு சாத்தப்பட்ட அறைக்குள்ளேயே மடிந்துபோவதைச் சுட்டிக்காட்டினார். இத்துறைக்கென ஒரு சர்வதேசச் சங்கம் 2004-ல் தோன்றியது. வகுப்பு நன்றாக நடந்ததா என்று வீடு திரும்பும் வழியில் எண்ணிப் பார்ப்பது எந்த நல்லாசிரியரும் செய்வது. அது ஆராய்ச்சியாவதற்குத் திட்டமான ஒரு வினாவும், அதற்கு ஏற்ற பிரமாணமும், அப்பிரமாணத்தைப் பிறர் பார்த்துக் குறைகூறத்தக்க வெளியீடும் வேண்டும் என்பதே இவர்கள் அனைவரும் கொண்ட நிபந்தனை.

அவ்வாறு ஆராய்ந்தவர்கள் கண்டவை பல சமயங்களில் அவர்களுக்கே அதிர்ச்சி தந்தன. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலே பௌதிகம் கற்பித்த எரிக் மசூர், தம் மாணவர் கடினமான கணக்குகளைச் செய்து உயர்ந்த புள்ளிகள் பெறுவது கண்டு திருப்தியடைந்திருந்தவர். 1990-ஐ ஒட்டி, விசை பற்றிய மிகச் சாதாரணமான வினாக்கள் அடங்கிய ஒரு பத்திரத்தை அவர்களுக்குக் கொடுத்தபொழுது, ஒரு மாணவி எழுந்து, இவற்றுக்கு நீங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா அல்லது நான் நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாளாம். கற்பித்தது ஒரு பக்கமும் விளங்கியது மற்றொரு பக்கமுமாக ஒரே தலைக்குள் இரண்டு பௌதிகங்கள் குடியிருந்ததை அந்த வினா அம்பலமாக்கியது. மசூர் தம் விரிவுரையை இடையிடையே நிறுத்தி, ஒரு வினாவை இட்டு, மாணவரை ஒருவரோடொருவர் வாதிக்கவிட்டு மேற்செல்லும் முறைக்கு மாறினார். மாறியதோடு நில்லாமல் ஆண்டுதோறும் விளைவை அளந்து வெளியிட்டார். ரிச்சர்ட் ஹேக் 1998-ல் 62 பௌதிகப் பாடநெறிகளையும் 6,542 மாணவரையும் ஒப்பிட்டு, மாணவரை ஈடுபடுத்திய வகுப்புகளில் ஏற்பட்ட முன்னேற்றம் வெறும் விரிவுரை வகுப்புகளில் ஏற்பட்டதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்று காட்டினார். 2014-ல் ஸ்கொட் ஃபிரீமனும் சகாக்களும் விஞ்ஞான, பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபொழுது, விரிவுரையை மட்டும் நம்பிய வகுப்புகளில் 33.8 சதவீதத்தினரும், மாணவர் தாமே இயங்கிய வகுப்புகளில் 21.8 சதவீதத்தினரும் சித்தியடையத் தவறியிருந்தனர்.

இவற்றையெல்லாம் விட நமக்கு நெருக்கமானது பெர்க்லியில் யூரி டிரைஸ்மன் செய்த ஆராய்ச்சி. 1970-களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர் பெருந்தொகையாகத் தோல்வியுறுவதைக் கண்ட அவர், முதலில் ஆசிரியர்களிடம் காரணம் கேட்டார். ஊக்கமின்மை, அடிப்படைக் கல்வியின் குறைவு, வீட்டாரின் ஆதரவின்மை, வறுமை என நான்கு விடைகள் கிடைத்தன. மலையகத்துப் பிள்ளைகளைப் பற்றி எந்தப் பீடத்தின் ஓய்வறையிலே விசாரித்தாலும் ஏறக்குறைய இதே நான்கு விடைகள்தாம் வரும் என்பதை வாசகர் அறிவர். டிரைஸ்மன் அவ்விடைகளை நம்பி அமர்ந்துவிடவில்லை. 20 கறுப்பின மாணவரையும், அதே பாடத்தில் சிறப்பாகச் சித்தியெய்திய 20 சீன மாணவரையும் தேர்ந்து, அவர்கள் எங்கே, எப்பொழுது, யாரோடு படிக்கிறார்கள் என்பதை அவர்தம் இருப்பிடங்களுக்கே சென்று மாதக்கணக்கில் கவனித்தார். நான்கு விடைகளும் பிழைத்தன. கறுப்பின மாணவருக்கு ஊக்கம் இருந்தது, குடும்பத்தின் ஆதரவு இருந்தது. ஆசிரியர் விதித்த மணிக்கணக்குப்படி அவர்கள் சிரத்தையோடு படித்தார்கள். ஆனால் தனியே படித்தார்கள். சீன மாணவரோ தனியே படித்து முடித்தபின் கூடியிருந்து, ஒருவர் விடையை மற்றவர் திருத்தி, எது கடினம் எது எளிது என்பதைப் பேசித் தெரிந்துகொண்டனர். தான் செய்த பிழை தன்னுடையது மாத்திரமன்று, வகுப்பிலே பாதிப்பேர் செய்வது என்பதை அறியும் வாய்ப்பு ஒரு சாராருக்கு இருந்தது. மற்றச் சாராருக்கு இல்லை. இதைக் கண்டபின் டிரைஸ்மன் அமைத்த பயிற்சிக் களம், பலவீனருக்கு இரங்கி நடத்தும் மேலதிக வகுப்பாக இராமல், திறமை மிக்கோருக்கு உரிய கடினமான கணக்குகளைக் கூடியிருந்து தீர்க்கும் களமாக அமைந்தது. தோல்வியுற்றுக்கொண்டிருந்த வகுப்பினர் அதன்பின் நல்ல பெறுபேறுகளை அடைந்தனர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1942-ல் ஐவர் ஜெனிங்ஸின் தலைமையில் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்திலே கற்பித்தது. ஆங்கிலத்தில் வளர்ந்த சிறு தொகையினரே அங்கு பயின்றமையால், அவர்கள் எவ்வாறு கற்கிறார்கள் என்ற வினா எழ நியாயமில்லை. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945-ல் நடைமுறைக்கு வந்து, அதன் பிள்ளைகள் 1960-ல் சிங்களத்தையும் தமிழையும் போதனாமொழியாகக் கொண்டு கலைப்பீடத்துக்குள் புகுந்தபொழுது வகுப்பறையின் இலட்சணமே மாறியது. தமிழிலே பாடநூல்கள் இல்லை. நூலகத்து அலுமாரிகளில் இருந்தவை ஆங்கில நூல்கள். விரிவுரையாளர் சொல்லும் குறிப்பே பாடநூலாயிற்று. அதை அட்சரம் பிசகாமல் எழுதி, மனனம் செய்து, பரீட்சைத் தாளிலே திரும்பக் கொடுப்பதே கல்வி என்ற சம்பிரதாயம் அக்காலத்து நிர்ப்பந்தத்தால் வேரூன்றியது. நிர்ப்பந்தம் நீங்கிய பின்னும் சம்பிரதாயம் நீங்கவில்லை. பழைய கொப்பியின் இடத்தை இப்பொழுது திரையிலே காட்டப்படும் வில்லைகள் பிடித்திருக்கின்றன. சுவீடனில் மார்ட்டனும் சால்யோவும் 1976-ல், பொருளைத் தேடிப் படிக்கும் மாணவரும் கேள்வியை எதிர்பார்த்து மேலோட்டமாகப் படிக்கும் மாணவரும் என இரு வகையினரைக் கண்டு விவரித்தனர். நம் கலைப்பீடங்கள் இரண்டாம் வகையினரைத் தம் பரீட்சை முறையாலேயே உற்பத்தி செய்துவந்தன என்பது நம் அபிப்பிராயம்.

கற்பித்தலை ஆராயும் வழக்கம் இங்கு முதலில் மருத்துவ பீடங்களிலே தோன்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு 1970-களில் பேராதனை மருத்துவ பீடம் இப்பிராந்தியத்து மருத்துவ ஆசிரியர்களைப் பயிற்றும் நிலையமாயிற்று. அதே பத்தாண்டில் புதுச்சேரி ஜிப்மரிலும் அத்தகைய நிலையம் ஒன்று தோன்றியது. பின்னாளில் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் மருத்துவ ஆசிரியருக்கென நடந்த ஃபெய்மர் பயிற்சியிலே சேர்ந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் கல்லூரியில் ஒரு கற்பித்தல் மாற்றத்தைச் செய்து, அதன் பலாபலனை ஆராய்ந்து சமர்ப்பிக்க வேண்டியிருந்தது. தென்கிழக்காசிய மருத்துவக் கல்விச் சஞ்சிகை 2007 முதல் இலங்கையிலிருந்தே வெளிவருகிறது. மருத்துவம் முந்திக்கொண்டதற்குக் காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை: மருத்துவ மாணவன் எதைக் கற்கவில்லை என்பது நோயாளியின் கட்டிலருகே உடனே பிரத்தியட்சமாகிவிடுகிறது. வரலாறோ பொருளியலோ விளங்காத பட்டதாரியின் குறை அவ்வளவு சீக்கிரத்தில் எவர் கண்ணுக்கும் படுவதில்லை.

ஏனைய பீடங்களுக்கு இவ்வெண்ணத்தைக் கொண்டுசென்றது, 1990-களின் பிற்பகுதியிலே கொழும்புப் பல்கலைக்கழகத்தில் விலங்கியற் பேராசிரியர் சுக்கி ஏக்கரத்ன தலைமையேற்று நடத்திய ஆளணி அபிவிருத்தி நிலையம். புதிதாகச் சேரும் விரிவுரையாளர் நிரந்தரமாக்கப்படுவதற்குக் கற்பித்தற் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்ற விதி பின்னர் நாடெங்கும் வழக்காயிற்று. உலக வங்கியின் கடனுதவியோடு 2003 முதல் ஒன்றன்பின் ஒன்றாக வந்த மூன்று பெருந்திட்டங்கள் கட்டடங்களையும் கணினிகளையும் போலவே, விளைவுகளை மையமாகக் கொண்ட கல்வி, மாணவர் மையக் கற்றல் என்னும் சொற்றொடர்களையும் வாரி வழங்கின. இதில் நன்மை இல்லை என்று சொல்வது நியாயமன்று; ஆயினும் மேலிருந்து வந்த படிவங்களை நிரப்புவதில் செலவாகும் நேரத்தில் பாதியேனும் தம் மாணவரோடு பேசுவதிலே செலவாகியிருந்தால் பயன் மிகுந்திருக்கும். 2021 முதல் ‘தி ஐலண்ட்’ பத்திரிகையில் ‘குப்பி’ என்ற தலைப்பிலே பல்கலைக்கழக ஆசிரியர் பலர் எழுதிவரும் பத்தி, இப்படிவக் கலாசாரத்தையும் தம் வகுப்பறைகளின் ஏற்றத்தாழ்வுகளையும் துணிவோடு விமரிசித்தமை குறிப்பிடத்தக்கது. அவ்விமரிசனம் ஆங்கிலத்திலே நிகழ்ந்தமை வேறு விஷயம்.

அந்தக் குப்பி என்பது யாது என்பதை வெளியார் பொருட்டுச் சொல்லவேண்டும். பரீட்சை நெருங்கும் காலத்தில் இரவு நேரங்களிலே விடுதிகளிலும் வெறிச்சோடிய வகுப்பறைகளிலும், மூத்த மாணவரோ அதே ஆண்டின் திறமையாளரோ மற்றவர்களைக் கூட்டிவைத்துப் பாடத்தை விளக்கும் சபையே குப்பி. விரிவுரையிலே கேட்க வெட்கப்பட்ட வினா அங்கே கேட்கப்படுகிறது. போன வருடத்து வினாத்தாள் அங்கே பிரிக்கப்படுகிறது. டிரைஸ்மன் சீன மாணவரிடம் கண்ட கூட்டுப் படிப்பு இந்நாட்டு மாணவரிடம் எவரும் சொல்லிக்கொடாமலே வழங்கிவருகிறது. அதிலே யார் அமர்கிறார், யார் அமர்வதில்லை என்பதுதான் நம் வினா. சிங்கள மாணவர் பெரும்பான்மையாயுள்ள பீடத்தில் குப்பி சிங்களத்தில் நடப்பது இயல்பு. தமிழ் மாணவரிலும் ஒரே பாடசாலையிலிருந்து பத்துப் பேர் சேர்ந்து வந்தவர்களுக்குக் குப்பி தானே அமைந்துவிடும். தோட்டப் பாடசாலையொன்றிலிருந்து தனியொருத்தியாக வந்தவளுக்கு அது அமைவது அரிது.

அவளுடைய கொப்பியை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் சில உண்மைகள் தெரியவரும். உயர்தரத்திலே ‘பிரசாரணம்’ என்று கற்று, படம் வரைந்து, பரிசோதனை செய்து, நல்ல புள்ளியும் பெற்ற ஒரு விஷயம், விஞ்ஞான பீடத்து முதல் வாரத்திலே ‘ஒஸ்மோசிஸ்’ என்ற பெயரோடு திரையிலே தோன்றி மறைகிறது. அவள் அதைக் கேட்ட ஓசைப்படி தமிழெழுத்தில் ஓரத்திலே குறித்துக்கொள்கிறாள். அடுத்த வரியை எழுதுவதற்குள் வில்லை மாறிவிடுகிறது. விட்டுப்போன வரிக்காக அவள் விட்ட வெற்றிடம் அப்படியே இருக்கிறது. பரீட்சைத் தாளைத் திருத்தும் விரிவுரையாளர் இவளுக்கு அடிப்படை உயிரியலே தெரியாது என்ற முடிவுக்கு வருகிறார். அவ்வெற்றிடங்களைச் சேகரித்து, அவை எந்தப் பாடத்தில், எந்த வாரத்தில், எந்த இடத்தில் மிகுகின்றன என்று பார்க்க ஆடம்பரமான ஆய்வுக்கூடம் எதுவும் வேண்டியதில்லை.

மலையகக் கல்வியைப் பற்றிய எழுத்துகள் குறைவல்ல. அஞ்செலா லிட்டில் 1999-ல் வெளியிட்ட நூல் தோட்டக் கல்வியின் அரசியற் பொருளாதாரத்தை விரிவாக ஆராய்ந்தது. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பேராசிரியர் சோ. சந்திரசேகரன் தமிழிலே எழுதிய கட்டுரைகள் ஒரு தலைமுறை ஆசிரியருக்குக் கண்திறந்தன. இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளைப் பெரும்பாலும் தொடாமலே 30 ஆண்டுகள் கழிந்ததையும், 1970-களிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியதையும், பல்கலைக்கழக அனுமதியில் 5 சதவீத இடங்கள் நுவரெலியா உள்ளிட்ட 16 பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதையும் இத்தகைய எழுத்துகளால் அறிகிறோம். ஆயினும் அவற்றுட் பெரும்பகுதி பாடசாலையின் வாசலோடும் அனுமதிக் கணக்கோடும் நின்றுவிடுகிறது. மடுவத்திலே கொழுந்து நிறுக்கும் தராசு கூடையின் எடையைச் சொல்லும். எந்த மலையில், எத்தனை மழையில் நனைந்து பறித்தது என்பதைச் சொல்லாது. வெட்டுப்புள்ளியும் வகுப்புச் சித்தியும் அத்தகைய தராசுகளே.

2020-ல் கொள்ளைநோயின் பொருட்டுப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபொழுது விரிவுரையாளர் பலர் தம் மாணவரின் வீட்டை முதன்முறையாகக் கண்டனர் என்று சொல்லலாம். பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பினூடாகக் கட்டணமின்றி வகுப்பிலே சேரும் வசதி செய்யப்பட்டிருந்தது. ஆனால் சமிக்ஞை எட்டாத தோட்டத்திலே கட்டணமின்மையாற் பயன் யாது? பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவை விட்டு, சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி, குடையின் கீழ் தொலைபேசியைப் பிடித்தபடி பாடம் கேட்ட பிள்ளைகளை மலையகம் முழுவதும் கண்டது. ஒளிப்படக் கருவியைத் திறக்காத மாணவரை அசிரத்தையுடையவர் என்று கருதிய ஆசிரியரும், ஏன் திறக்கவில்லை என்று விசாரித்து அறிந்து, பாடத்தை ஒலிப்பதிவாக மாற்றி அனுப்பிய ஆசிரியரும் ஒரே பீடத்தில் இருந்தனர். இவருள் இரண்டாமவர் செய்ததே நாம் இங்கு சொல்லும் ஆராய்ச்சியின் தொடக்கம். அதை எழுதிவைத்திருந்தால் முழு ஆராய்ச்சியாகியிருக்கும்.

இவ்வாராய்ச்சிக்கு உரிய இடர்களையும் மறைக்கலாகாது. புள்ளியிடும் கையை உடையவரே ஆய்வாளருமானால், அவர் கேட்கும் கேள்விக்கு மாணவர் மெய்யான விடை சொல்வாரா என்ற சந்தேகம் நியாயமானது. பெறுபேறுகள் வெளியான பின்னரோ வேறொருவர் வாயிலாகவோ சம்மதம் பெற்றுக் கேட்பதே முறை. மாணவரின் திருப்தியைக் கேட்டறியும் படிவங்களையும் முழுதாக நம்புவதற்கில்லை. ஹார்வர்டில் டெலோரியேயும் சகாக்களும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், தாமே முயன்று கற்ற மாணவர் உண்மையில் அதிகம் கற்றிருந்தும், சரளமான விரிவுரையைக் கேட்டவர்களே தாம் அதிகம் கற்றதாக நம்பினர். பதவியுயர்வுக்கான புள்ளித் திட்டத்திலோ, தம் துறையில் வெளியிடும் கட்டுரைக்கு உள்ள கௌரவம் தம் வகுப்பைப் பற்றிய கட்டுரைக்கு இன்னும் கிட்டவில்லை. வெளியானாலும் அது ஆங்கிலச் சஞ்சிகையிலே வெளியாகிறது. தமிழ்மொழிமூலம் கற்பிக்கும் சக ஆசிரியருக்கும், பிள்ளையை அனுப்பிவைத்த பாடசாலைக்கும் அது எட்டுவதில்லை. ‘அகவிழி’ போன்ற தமிழ்க் கல்விச் சஞ்சிகைகள் பாடசாலை ஆசிரியருக்குச் செய்த உபகாரத்தைப் பல்கலைக்கழக ஆசிரியருக்குச் செய்ய ஒரு களம் இன்னும் அமையவில்லை என்பதே நம் கருத்து.

மலையகத்துக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை பல்லாண்டுகளாக மேடைகளில் ஒலித்துவருகிறது. அது கைகூடும் நாளில் நாமும் மகிழ்வோம். கட்டடம் எழும்வரை காத்திருக்க வேண்டாத காரியம் இது. பேராதனையிலும் கொழும்பிலும் சப்ரகமுவையிலும் ஊவா வெல்லஸ்ஸவிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் விரிவுரையாளர்களிடம், குறிப்பாக இம்மலைகளிலிருந்தே சென்று அப்பதவியை அடைந்தவர்களிடம், நாம் வேண்டிக்கொள்வது இவ்வளவே: வரும் கல்வியாண்டில் உங்கள் முதலாண்டு வகுப்பொன்றைத் தேர்ந்து, அதிலே தோட்டத்திலிருந்து வந்தவர் எவ்வாறு படிக்கிறார் என்பதை ஒரு தவணைக் காலம் சிரத்தையோடு கவனித்து, கண்டதைத் தமிழிலே எழுதி வெளியிட்டு, அதன் பிரதி ஒன்றை அப்பிள்ளை படித்த பாடசாலைக்கும் அனுப்பிவையுங்கள்.